ஹலாலா என்று கேட்டோம், உண்மையா என்று கேட்கவில்லை: ஒரு பழச்சாற்றுப் போத்தலின் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சாதாரண தரத்தில் எம்மிடம் வரலாறு படித்தவர். கையில் ஒரு போத்தல். அதன்மேல் நோனி, மங்குஸ்தான், அசாயி, கோஜி என்று பழங்களின் படங்கள். 750 மில்லிலீற்றர். விலை 16,500 ரூபாய்.

"சேர், நீங்க ரெண்டு போத்தல் எடுத்து மெம்பரா சேர்ந்தா போதும். உங்கட பேரைச் சொன்னா ஊருல இன்னும் பத்துப் பேர் எடுப்பாங்க" என்றார்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொன்னார். அவருடைய வாப்பாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். இப்போது சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. மாதாந்தம் கிளினிக்குக்குப் போகிறார். மூன்று வாரமாக அவருக்கும் இந்தச் சாற்றைக் கொடுக்கிறாராம். காலையில் சிறிய கிளாஸில் ஒன்று, இரவில் ஒன்று. மூன்றாவது போத்தல் முடியப் போகிறதாம்.

"டொக்டருக்குச் சொன்னீங்களா மகன்?"

"இல்ல சேர். அவங்களுக்கு இதெல்லாம் விளங்காது, சொல்ல வேணாம்னு எங்கட லீடர் சொன்னார்."

இந்தப் போத்தல் ஊரில் பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. எல்லா வீட்டிலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "இது ஹலாலா?" என்பதுதானாம். லேபலில் முத்திரை இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை. மறைப்பானேன், போத்தலைக் கையில் வாங்கியதும் எமது கண்ணும் அந்த முத்திரையைத்தான் முதலில் தேடியது. இதைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் தவணை கேட்டோம். நாம் வைத்தியர் அல்ல, வரலாறு படிப்பிப்பவர்கள். ஆனால் இந்தப் போத்தலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதை வாசித்து அறிந்ததை அந்த மாணவருக்குச் சொன்னோம். அதையே இங்கும் எழுதுகிறோம்.

*மரத்திலிருந்து தொடங்குவோம்*

நோனி என்பது ஹவாய் மொழிப் பெயர். டஹிட்டியில் நோனோ என்பார்கள். ஏதோ கண்காணாத் தீவின் அதிசயப் பழம் என்று நினைக்க வேண்டாம். நமது மஞ்சணத்தி, நுணா எல்லாம் இதே இனம்தான். சிங்களத்தில் அஹு. இலங்கையிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தானாக வளரும் மரம்.

இதன் வேரையும் பட்டையையும் மக்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியது துணிக்குச் சாயம் போடுவதற்கே. ஜாவாவின் பத்திக் துணியில் வரும் பழைய சிவப்பு இந்த வேரின் சிவப்பு. 1869ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் அலிசரின் என்ற செயற்கைச் சாயம் வந்தது. அதன் பிறகு இந்த மரத்தின் சாய வியாபாரம் படிப்படியாக ஒழிந்தது.

பழத்தை ஏன் யாரும் சந்தையில் குவித்து விற்கவில்லை? ஒரு முறை முகர்ந்து பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். பழுத்தால் பழுதடைந்த பாற்கட்டி மணம். அவுஸ்திரேலியாவில் அதற்குப் 'பாற்கட்டிப் பழம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பொலினேசிய மக்கள் புதிய தீவுகளுக்குக் குடியேறியபோது தோணிகளில் எடுத்துச் சென்ற தாவரங்களில் இதுவும் ஒன்று என்பது உண்மை. அதை மருந்தாகப் பாவித்ததும் உண்மை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வாளர் வில் மெக்ளாச்சி 2002இல் இது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முன்னோர் பெரும்பாலும் இலை முதலியவற்றை வெளிப்பூச்சாகவே பயன்படுத்தினார்கள், பழம் பஞ்ச காலத்து உணவு, தினமும் சாறு குடிக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது என்பது அவர் காட்டிய விடயம்.

ஆக, லேபலில் 'ஆயிரக்கணக்கான ஆண்டுப் பாரம்பரியம்' என்று இருந்தால், மரத்துக்குப் பாரம்பரியம் உண்டு. போத்தலுக்கு இல்லை.

*யாரும் காணாத ஒரு பொருள்*

1985இல் ஹவாயில் ரால்ஃப் ஹைனிக்கி என்ற உயிர் இரசாயனவியலாளர், ஒரு தாவரவியல் பூங்காவின் சஞ்சிகையில் கட்டுரை ஒன்றை எழுதினார். அன்னாசி ஆராய்ச்சியில் வேலை செய்தவர் அவர். நோனிப் பழத்தில் 'புரோசெரோனின்' என்ற பொருள் இருக்கிறது, அது உடலுக்குள் போய் 'செரோனின்' ஆக மாறுகிறது, அதுதான் இத்தனை நோய்களைச் சுகப்படுத்துகிறது என்பது அவருடைய வாதம்.

விஞ்ஞான பாட ஆசிரியர்கள் கவனியுங்கள். ஒரு புதிய பொருளைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அதன் இரசாயனக் கட்டமைப்பைக் காட்ட வேண்டும். வேறொரு ஆய்வுகூடம் அதைத் தானும் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். செரோனினுக்கு இந்த இரண்டும் நடக்கவில்லை. பாடநூல்களில் அந்தப் பெயர் இல்லை. விற்பனைக் கைநூல்களில் மட்டும் நீண்ட காலம் இருந்தது.

அந்தக் கட்டுரை வந்து பதினொரு ஆண்டுகளின் பின், 1996இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மொரிண்டா என்ற கம்பனி 'டஹிட்டியன் நோனி' சாற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு லீற்றர் ஏறத்தாழ 40 டொலர். பசிபிக் தீவின் பழத்தை, கடலே இல்லாத யூட்டாவிலிருந்து, 1996இல் ஏன் விற்கத் தொடங்கினார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் முழு வரலாறும் இருக்கிறது.

*1994: ஒரு சட்டமும் ஓர் ஆய்வும்*

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு வரை எவரும் எதையும் போத்தலில் அடைத்துச் சர்வரோக நிவாரணி என்று விற்கலாம் என்ற நிலை இருந்தது. மதுசாரமும் அபினும் கலந்த 'டொனிக்'குகள் வீட்டுக்கு வீடு இருந்தன. 1905இல் 'கொலியர்ஸ்' சஞ்சிகையில் சாமுவேல் ஹொப்கின்ஸ் அடம்ஸ் என்ற பத்திரிகையாளர் இந்த மோசடிகளைத் தொடராக எழுதினார். அடுத்த வருடம் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அதன் பின்னர் பல தசாப்தங்களாகச் சட்டம் இறுகிக்கொண்டே வந்தது.

1994 ஒக்டோபரில் அது ஒரு பக்கத்தில் தளர்ந்தது. உணவுக் குறைநிரப்பிகளுக்கென்று தனிச்சட்டம் ஒன்று நிறைவேறியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் யூட்டாவின் செனட் உறுப்பினர் ஒரின் ஹெட்ச். அந்த மாநிலத்தில் இவ்வகைக் கம்பனிகள் நிறைந்திருந்தன. மருந்து விற்பவர் அது பலன் தரும் என்பதை விற்பதற்கு முன்னரே நிரூபிக்க வேண்டும். குறைநிரப்பி விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'நோயைக் குணமாக்கும்' என்று மட்டும் எழுதக்கூடாது. 'நோயெதிர்ப்புச் சக்திக்கு ஆதரவளிக்கும்' என்று எழுதலாம். கீழே சின்ன எழுத்தில், இந்தக் கூற்றை அரச நிறுவனம் பரிசீலிக்கவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது உரியதல்ல என்று ஒரு வரி போட்டால் சரி.

எமது மாணவர் கொண்டுவந்த போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். அந்த வரி அங்கேயும் இருந்தது, பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில்.

அதே 1994இல் இன்னொன்றும் நடந்தது. அந்தக் காலத்தில் 'அன்டிஒக்சிடன்ட்' என்ற சொல்லுக்குப் பெரிய மவுசு. பழமும் மரக்கறியும் நிறையச் சாப்பிடுவோருக்குப் புற்றுநோய் குறைவு என்பது தெரிந்திருந்தது. அப்படியானால் அதிலுள்ள பீட்டா கரோட்டினைத் தனியே பிரித்துக் குளிசையாகக் கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஐந்து முதல் எட்டு வருடங்கள் சோதித்தார்கள். முடிவு 1994 ஏப்ரலில் வெளியானது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவிலும் 18,314 பேரை வைத்து இதுபோன்ற ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பீட்டா கரோட்டினும் விற்றமின் ஏயும் கொடுத்த அந்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டதால், 1996 ஜனவரியில் அதை இடையில் நிறுத்தினார்கள்.

நோனிச் சாறு சந்தைக்கு வந்த அதே 1996. விஞ்ஞானிகள் அன்டிஒக்சிடன்ட் குளிசைகளைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய வேளையில், வியாபாரிகள் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

*விற்கும் முறையும் பழையதே*

இந்தச் சாறுகள் கடைத் தட்டுக்கு வருவதில்லை. சொந்தக்காரர், அயலவர், சக ஆசிரியர் வழியாக வருகின்றன. இந்த முறைக்கும் ஒரு வரலாறு உண்டு.

கார்ல் ரென்போர்க் என்ற அமெரிக்கர் 1930களில் கலிபோர்னியாவில் குதிரைமசால், நீர்க்கீரை, பாசிலி இலை முதலியவற்றோடு விற்றமின்களைச் சேர்த்து ஒரு குறைநிரப்பி செய்தார். நியூட்ரிலைட் என்று பெயர். 1945இல் மைட்டிஞ்சர், கெசல்பெரி என்ற இருவர் அதை விற்கும் உரிமையைப் பெற்று ஒரு புதிய திட்டம் போட்டார்கள். வாங்குபவரே விற்பவராகலாம். அவர் சேர்த்துவிடுபவரின் விற்பனையிலும் அவருக்குப் பங்கு. இன்று நாம் நெட்வேர்க் மார்க்கெட்டிங் என்று அழைப்பதன் ஆரம்பங்களில் இது முக்கியமானது.

அவர்களுடைய கைநூலில் நோய்களின் நீண்ட பட்டியல் இருந்தது. 1948இல் அமெரிக்க அரசு பல இடங்களில் அந்தப் பொதிகளைக் கைப்பற்றியது. வழக்கு 1950இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1951இல் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு ஒன்றுக்கு இரு தரப்பும் இணங்கின. நியூட்ரிலைட் விற்றுக்கொண்டிருந்த இருவர் 1959இல் தனியாகத் தொடங்கியதுதான் அம்வே.

சட்டம் கைநூலைக் கட்டுப்படுத்தலாம். ஒரு வீட்டு விறாந்தையில் தேநீர் குடித்தபடி ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதைக் கட்டுப்படுத்துவது கடினம். "கம்பனி அப்படிச் சொல்லவில்லை, விநியோகஸ்தர் சொன்னது எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்லிவிடலாம். லேபலில் 'ஆதரவளிக்கும்' என்று இருப்பது, விறாந்தைக்கு வரும்போது "டயலிசிஸ் தேவைப்படாது" என்று மாறிவிடுகிறது. எமது மாணவருக்கு அவருடைய லீடர் சொன்னது இதைத்தான்.

*சோதித்தபோது என்ன நடந்தது*

1998இல் அரிசோனா, கலிபோர்னியா, நியூ ஜேர்சி, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சட்டமா அதிபர்கள், நோனிச் சாறு நோய்களைக் குணமாக்கும் என ஆதாரமின்றிச் சொல்லப்படுவதாக மொரிண்டா கம்பனிக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். கம்பனி 100,000 டொலர் செலுத்தி இணக்கத்துக்கு வந்தது. அவ்வாறான கூற்றுகளைச் செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

பிறகு ஐரோப்பா. அங்கே புதிய உணவு ஒன்றை விற்க அனுமதி பெற வேண்டும். விஞ்ஞானக் குழு 2002 டிசம்பரில் தனது கருத்தைச் சொன்னது: நாளொன்றுக்கு 30 மில்லிலீற்றர் அளவில் குடிக்கலாம், ஆனால் ஏனைய பழச்சாறுகளை விட விசேட நன்மை எதுவும் இதற்கு இருப்பதாக ஆதாரம் இல்லை. 2003இல் அனுமதி கிடைத்தது. "ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த நோனி" என்று விளம்பரங்கள் வந்தன. முதல் பாதியைச் சொன்னார்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

நியாயமாகவும் எழுத வேண்டும். 2005இல் ஒஸ்ட்ரியாவில் நோனிச் சாறு குடித்த சிலருக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ சஞ்சிகைகளில் செய்தி வந்தது. அதை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, பாதிப்புக்கு இந்தச் சாறு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று 2006இல் சொன்னது. ஆகவே "நோனி விஷம்" என்று நாமும் கதை கட்டக்கூடாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் முற்றிய புற்றுநோயாளருக்கு நோனியை வில்லைகளாகக் கொடுத்து ஆரம்பகட்ட ஆய்வு ஒன்றும் நடந்தது. கட்டி சுருங்கியதாக அதில் காணப்படவில்லை.

எமது மாணவருக்கு நாம் அழுத்திச் சொன்னது இன்னோர் ஆய்வை. 2000ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ சஞ்சிகை ஒன்றில் ஒரு நோயாளியின் விபரம் வெளியானது. நாட்பட்ட சிறுநீரக நோயாளி. பொற்றாசியம் குறைந்த உணவையே சாப்பிடுவதாகச் சொல்கிறார். ஆனால் இரத்தத்தில் பொற்றாசியம் கூடியிருக்கிறது. விசாரித்தால், தானாகவே நோனிச் சாறு குடித்து வந்திருக்கிறார். அளந்து பார்த்தபோது அதிலிருந்த பொற்றாசியம் தோடம்பழச் சாற்றிலும் தக்காளிச் சாற்றிலும் இருக்கும் அளவுக்குக் கிட்டவாக இருந்தது.

சுகதேகிக்கு இது ஒரு விடயமே அல்ல. சிறுநீரகம் பழுதானவருக்கு அப்படியல்ல. இரத்தத்தில் பொற்றாசியம் கூடினால் இதயத் துடிப்பே குழம்பலாம். இளநீர், வாழைப்பழம், தோடம்பழம் எல்லாவற்றிலும் அளவு பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் சொல்வது இதற்காகத்தான். வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் நொந்து போயிருக்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கரண்டிச் சாறு ஆளைக் கொன்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. வைத்தியர் கணக்கில் எடுக்காத ஒன்றை, வைத்தியருக்குச் சொல்லாமல், நாளுக்கு இரண்டு வேளை கொடுப்பதுதான் ஆபத்து. "சொல்ல வேணாம்" என்ற அந்த அறிவுரை, போத்தலில் இருப்பதை விட மோசமானது.

*பழம் மாறும், கதை மாறாது*

நோனியின் மவுசு குறைய முன்னரே அடுத்த பழம் வந்தது. 2002இல் அதே யூட்டாவில் சாங்கோ என்ற கம்பனி மங்குஸ்தான் சாற்றோடு தொடங்கியது. பழங்களின் அரசி, தோலில் உள்ள 'சாந்தோன்' அதிசயப் பொருள் என்றார்கள். ஒரு போத்தல் 40 டொலருக்குக் கிட்ட. அந்தச் சாற்றை மருந்துபோல விளம்பரப்படுத்திய பிரசுரங்கள் தொடர்பாக 2006 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே மங்குஸ்தானை நாம் காலம் வந்தால் களுத்துறைப் பக்கம் வீதியோரத்தில் வாங்கி, தோலை எறிந்துவிட்டுச் சுளையைச் சாப்பிடுகிறோம். ருசியான பழம். அல்ஹம்துலில்லாஹ். அவ்வளவுதான்.

2005இல் மறுபடியும் யூட்டா. மொனாவீ என்ற கம்பனி அமேசன் காட்டின் அசாயிப் பழத்தோடு வந்தது. வைன் போத்தல் வடிவில் 750 மில்லிலீற்றர், விலை மீண்டும் 40 டொலருக்குக் கிட்ட. சில வருடங்கள் கொடிகட்டிப் பறந்தது. 182 மில்லியன் டொலர் கடனைக் கட்ட முடியாமல் 2015இல் கைமாறியது. மொரிண்டாவும் 2018இல் 85 மில்லியன் டொலருக்கு இன்னொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. வாங்கிய கம்பனி 2022இல் வங்குரோத்து நீதிமன்றத்தில் நின்றது.

இந்தப் பழங்களை ஒன்றோடொன்று போட்டி போட வைக்க ஓர் அளவுகோலும் இருந்தது. ஓராக் என்று பெயர். சோதனைக் குழாயில் ஒரு பொருள் எவ்வளவு ஒட்சியேற்றத்தைத் தடுக்கிறது என்று அளப்பது. 'எமது பழத்தின் ஓராக் பெறுமானம் இத்தனை ஆயிரம்' என்று விளம்பரம் செய்வார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் உணவுகளின் ஓராக் பட்டியலை வெளியிட்டு வந்தது. 2012இல் அதைத் தனது இணையத்தளத்திலிருந்தே அகற்றியது. அந்த எண்களுக்கும் மனித உடலின் சுகத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, வியாபாரிகள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம். எமது மாணவரின் கைநூலில் அந்த எண் இன்னும் இருக்கிறது.

*நாம் ஏன் வாங்குகிறோம்*

இதை வாசித்துவிட்டு வாங்கியவர்களை முட்டாள்கள் என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். கிளினிக் நாளில் சுபஹோடு போய் நம்பர் எடுத்து, பகல் வரை வாங்கில் இருந்து, வைத்தியர் முன்னால் இருப்பது சில நிமிடங்கள். அவருக்கு வெளியே இன்னும் நூறு பேர். போத்தல் விற்பவர் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் இருக்கிறார். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். நம்பிக்கை தருகிறார். சிறுநீரகம் திரும்பச் சுகமாகாது என்று கேட்ட குடும்பத்துக்கு அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்பது நமக்கும் தெரியும்.

எமது மாணவரும் ஏமாற்றுக்காரர் அல்ல. ஏமாற்றுகிறவர் தன் வாப்பாவுக்கே அதைக் கொடுக்க மாட்டார். அவர் நம்புகிறார். இந்த வியாபாரத்துக்குத் தேவைப்படுவது அப்படிப்பட்டவர்கள்தான். பொய் சொல்பவரின் முகத்தை ஊர் கண்டுபிடித்துவிடும். நம்பிச் சொல்பவரின் முகத்தை எப்படிச் சந்தேகிப்பது? அவர் எம்மிடம் வந்ததும் இதற்காகத்தான். ஆசிரியரின் பெயர், மௌலவியின் பெயர், பள்ளிவாசல் நிர்வாகியின் பெயர், இவைதான் அங்கே முதல். பழச்சாறு பிறகு.

*நமது மரபில் என்ன இருக்கிறது*

"ஒவ்வொரு நோய்க்கும் மருந்து இருப்பதாக ஹதீஸில் வந்திருக்கிறதே சேர்" என்றார் அவர். ஆம், இருக்கிறது. மருந்தைத் தேடு என்பதற்கான ஊக்கம் அது. அது இந்தப் போத்தலில்தான் இருக்கிறது என்பது அந்த ஹதீஸில் இல்லை.

நமது வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் அஷ்ஷைஸரீ என்ற அறிஞர், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். ரொட்டி சுடுபவர், இறைச்சி வெட்டுபவர், துணி நெய்பவர் என ஒவ்வொரு தொழிலிலும் என்ன மோசடி நடக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று விபரிக்கும் நூல். மருந்துச் சரக்கு விற்பவருக்கும், மருந்துச் சர்பத் காய்ச்சுபவருக்கும் அதில் தனி இடம் உண்டு. நாம் இன்று குடிக்கும் சர்பத் என்ற சொல்லும், வைத்தியசாலையில் தரும் சிரப் என்ற சொல்லும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. தொழில் தெரிந்தவரே சர்பத் காய்ச்ச வேண்டும், சரக்கில் கலப்படம் உண்டா என்று முஹ்தஸிப் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த மரபு. அங்கே சர்பத் ஹலாலா என்பதோடு விசாரணை முடியவில்லை.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் சிறு வயதில் மத்ரஸாவில் படித்தோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை பட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். தானியம் ஹலாலானதுதான். மறைத்ததுதான் பிரச்சினை. சின்ன எழுத்தில் போத்தலின் பின்பக்கம் இருக்கும் அந்த வரி, குவியலுக்கு அடியில் இருந்த ஈரம்.

இதை எழுதும்போது நம் பக்கமும் பார்க்க வேண்டும். கருஞ்சீரகத்தையும் தேனையும் பேரீச்சம்பழத்தையும் வைத்து இதே வியாபாரம் நம் மத்தியில் நடக்கிறது. ஹதீஸைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, விலையை ஐந்து மடங்காக்கி, இன்சுலினை நிறுத்தலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சாற்றை எதிர்த்துவிட்டு இதற்கு மௌனமாக இருப்பது நேர்மையல்ல. அதேபோல, நோனியை எறிந்துவிட்டு நமது நெல்லியை அதிசயம் என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் விற்றமின் சீ 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தோடம்பழத்தில் 50 அளவில். நல்ல உணவு, மலிவான உணவு. சாப்பிடுங்கள். கொய்யா மரம் நோயைக் குணமாக்குவதாக யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை.

*மாணவருக்குச் சொன்னது*

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். மேலே எழுதியதை எல்லாம் சொன்னோம். சேர மாட்டோம், எமது பெயரையும் பாவிக்க வேண்டாம் என்றோம். சட்டத்தையும் சொன்னோம். பொருளை நேரடியாக விற்பது இலங்கையில் குற்றமல்ல. ஆனால் வருமானம் முக்கியமாக ஆட்களைச் சேர்ப்பதிலிருந்து வரும் பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடை செய்கிறது. 2005இலும் 2006இலும் திருத்தங்கள் வந்தன. அதை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் குற்றம். "உங்களுக்கு வந்த காசு போத்தல் விற்றதில் வந்ததா, ஆள் சேர்த்ததில் வந்ததா, கணக்குப் பார்த்துச் சொல்லுங்க மகன்" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறோம். இதுவரை அவர் போட்ட காசு மட்டும் 1 இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம். எம்மை நம்ப வேண்டாம், லீடரையும் நம்ப வேண்டாம். வியாழக்கிழமை கிளினிக். வாப்பாவோடு அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தியரின் மேசையில் வையுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

போனார். வியாழன் இரவு தொலைபேசியில் பேசினார். வைத்தியர் ஏசவில்லையாம். லேபலை வாசித்துவிட்டு, உடனே நிறுத்தச் சொல்லி, பொற்றாசியம் பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இனி என்ன கொடுத்தாலும் தனக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டோம். "அந்த நாத்தத்தை இனிக் குடிக்கத் தேவல்லயே என்று சந்தோஷப்பட்டார் சேர். எனக்காகத்தான் குடிச்சாராம்."

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு போத்தல் இருந்தால், எறிய வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.